வான்கோழியைத் தேடி



பள்ளியில் மூதுரை படித்த எவரும் வான்கோழியை மறந்திருக்க மாட்டார். மயிலைக் கண்டு தானும் சிறகு விரித்து ஆடப் புகுந்து நகைப்புக்கு இடமான பறவையாகவே அது நம் நினைவில் நிற்கிறது. என் இளமையில் எங்கள் ஊர்த் தோட்ட வீடு ஒன்றில் இரண்டு வான்கோழிகள் வளர்ந்தன. பள்ளி விட்டு வரும் வழியில் சிறுவர்களாகிய நாங்கள் வேலிக்கு வெளியே நின்று சீழ்க்கை அடிப்போம். உடனே அவை கழுத்தை நீட்டிக் களகளவென்று மறுமொழி கூறும். எத்தனை முறை அடித்தாலும் அத்தனை முறையும் கூறும். இதனினும் அறிவில்லாத பறவை உலகில் உண்டோ என்று சிரித்துக்கொண்டே வீடு செல்வோம்.

அச்சிரிப்பு எங்கள் அறியாமையின் சிரிப்பு என்பதை நான் உணர்வதற்கு நாற்பது ஆண்டுகளும் ஓர் அயல்நாட்டுப் பயணமும் வேண்டியிருந்தன. அமெரிக்க நாட்டில் காட்டு வான்கோழியைத் தேடி ஒரு வேட்டைக்காரரோடு நான் சென்ற பயணத்தைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். துப்பாக்கி அவர் கையில் இருந்தது. என் கையில் ஒரு குறிப்பேடு மட்டுமே இருந்தது.

முதற்கண் அப்பறவையின் ஊரையும் பேரையும் தெரிந்துகொள்வோம். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. மெக்சிகோ நாட்டின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனை வீட்டுப் பறவையாகப் பழக்கிவிட்டனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குச் சென்ற ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தனர். போர்ச்சுகீசியர் வாயிலாக அது கோவாவை அடைந்தது. 1612-ஆம் ஆண்டில் முகரப் கான் என்னும் அதிகாரி கோவாவில் வாங்கி வந்த அரும்பொருள்களுள் ஒரு வான்கோழியும் இருந்தது. அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறும் விந்தையைக் கண்ட பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அதனை எழுதி வைத்தார். அரண்மனை ஓவியர் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது.

பெயரின் கதை இன்னும் வேடிக்கையானது. ஆங்கிலேயர் இதனைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து வந்தது என்னும் பொருள்படப் பெயரிட்டனர். துருக்கியரோ 'ஹிந்தி' என்கின்றனர். போர்ச்சுகீசியருக்கு இது 'பெரு'. இவ்வாறு ஒவ்வொருவரும் இதனைத் தமக்குத் தொலைவிலுள்ள ஏதோ ஒரு நாட்டின் தலையில் கட்டினர். அதன் உண்மைத் தாயகத்தின் பெயர் மட்டும் அதற்கு வாய்க்கவில்லை.

நாம் கூண்டிலும் முற்றத்திலும் காண்பது அம்மெக்சிகோ வீட்டுப் பறவையின் வழிவந்தது. காட்டில் வாழ்வது வேறு இயல்புடையது. மெலிந்த உடலும் நீண்ட காலும் கொண்டது. இறகுகள் தொலைவிலே கருமையாகத் தோன்றும். கதிரொளி படும்போது செம்பும் பொன்னும் பசுமையும் கலந்து மின்னும். இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் தங்கும். அச்சம் நேர்ந்தால் சிறிது தொலைவுக்கு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து மறையும். கண் தலையின் இருமருங்கும் அமைந்திருப்பதால், தலையைச் சற்றே திருப்பினாலும் சுற்றுப்புறம் முழுவதும் அதன் பார்வைக்குள் வந்துவிடும்.

இப்பறவையினத்துள் ஆறு உள்ளினங்களை அறிஞர் வகுத்துள்ளனர். ஓரினமாகவே இருந்தும், வாழும் நிலத்துக்கு ஏற்ப நிறத்திலும் உருவிலும் சற்றே வேறுபட்டவற்றை உள்ளினம் என்பர். நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் வாழ்வது கிழக்கு வான்கோழி. புளோரிடாத் தீபகற்பத்தில் மட்டும் வாழ்வது ஓசியோலா. டெக்சாஸ் முதலிய வறண்ட புல்வெளிகளில் வாழ்வது ரியோ கிராண்டே. மேற்கு மலைகளின் பைன் காடுகளில் வாழ்வது மெரியம். மெக்சிகோவின் மேற்கு மலைத்தொடரிலும் அதனை ஒட்டிய எல்லைப்புறத்திலும் வாழ்வது கூல்டு. ஆறாவது தென் மெக்சிகோவுக்கு உரியது. வீட்டு வான்கோழியின் மூதாதை அதுவே. வால் இறகின் நுனியைப் பார்த்தே இவற்றுட் பலவற்றை இனங்காணலாம். கிழக்குப் பறவைக்கு நுனி கருஞ்செம்பழுப்பு. ரியோ கிராண்டேக்கு மணல் நிறம். மெரியத்துக்கு ஏறக்குறைய வெண்மை. ஓசியோலாவை அதன் சிறகு காட்டிக்கொடுக்கும். மற்றவற்றிலும் அதில் கருமை மிகுதி, வெண்கோடுகள் குறைவு.

முதல் நான்கையும் தேடிச் சென்று வேட்டையாடி முடிப்பதை அந்நாட்டு வேட்டைக்காரர் 'கிராண்ட் ஸ்லாம்' என்பர். டென்னிஸ் ஆட்டத்தில் நீங்கள் கேட்ட சொல்தான் அது. இதற்காக ஆண்டுதோறும் பல்லாயிரவர் மாநிலம் விட்டு மாநிலம் செல்கின்றனர். வேட்டைக்காலம் பெரும்பாலும் இளவேனில். புளோரிடாவின் தென்பகுதியில் மார்ச்சுத் தொடக்கத்திலேயே அது பிறந்துவிடுகிறது. வடக்கு மலைகளை எட்டுவதற்குள் மே மாதம் ஆகிவிடுகிறது. ஆகவே இவ்வேட்டைக்காரர் உண்மையில் இளவேனிலின் பின்னே வடக்கு நோக்கிப் பயணம் செய்பவர்கள்.

என் நண்பர் அத்தகையோருள் ஒருவர். மிசௌரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். நான் என் மகள் குடும்பத்தோடு அந்நாட்டில் தங்கியிருந்தபோது அண்டை வீட்டாராக அறிமுகமானார். நான் புலால் மறுத்தவன் அல்லன். ஆயினும் வேட்டை என்றால் என் உள்ளம் சுருங்கும். "ஒருமுறை வந்து பாருங்கள். பார்த்த பிறகு என்னைத் திட்டுங்கள்" என்றார் அவர். 2016 ஏப்ரலில் அவரோடு மிசௌரிக் காட்டுக்குள் சென்றேன்.

விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே சென்று ஓர் ஓக் மரத்தடியில் அமர்ந்தோம். இருவரும் தழை நிற உடை அணிந்து முகத்தையும் மூடியிருந்தோம். புறப்படுமுன் அவர் என் சட்டைப்பையிலிருந்த சிவப்புக் கைக்குட்டையை வாங்கி வண்டியிலேயே வைத்துவிட்டார். சேவலின் தலை சிவப்பும் வெண்மையும் நீலமுமாக நிறம் மாறும். அந்நிறங்களில் எதையேனும் அணிந்து காட்டில் அசைபவனை மற்றொரு வேட்டைக்காரன் பறவை என்று எண்ணிச் சுட்டுவிடக்கூடும். எனவே அம்மூன்று நிறங்களும் அக்காட்டில் ஆகா.

இருள் பிரியும் வேளையில் நண்பர் ஆந்தையைப் போல் ஒருமுறை அலறினார். மறுகணமே தொலைவில் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அந்தக் களகள ஒலி எழுந்தது. எனக்கு எங்கள் ஊர் வேலி நினைவுக்கு வந்தது! நாங்கள் எள்ளி நகையாடிய அந்த மறுமொழியைக் கொண்டே வேட்டைக்காரன் பறவை இருக்குமிடத்தை அறிகிறான். இளவேனிலில் சேவல் தன் இருப்பைக் காட்டுக்கெல்லாம் பறைசாற்றுகிறது. திடுக்கிடச் செய்யும் எந்தப் பேரொலிக்கும் அதன் தொண்டை தானாகவே திறந்துகொள்கிறது.

பின்னர் நண்பர் மடியிலிருந்து வட்டமான ஒரு கற்பலகையை எடுத்தார். நாம் பள்ளியில் எழுதிய சிலேட்டுத்தான் அது. அளவில் மட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும். மரக்குச்சியால் அதன்மேல் மெல்லத் தேய்த்தார். பெட்டையின் குரல் அச்சாகப் பிறந்தது. சிறு மரப்பெட்டியின்மேல் மூடியை உராய்ந்து குரலெழுப்புவோரும் உண்டு. அத்தகைய பெட்டி ஒன்றுக்கு 1897-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. அதற்கும் நெடுங்காலம் முன்பே பழங்குடி மக்கள் வான்கோழியின் சிறகெலும்பையே குழலாக்கி ஊதினர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இயற்கையில் சேவல் நின்ற இடத்தில் நின்று கூவும். பெட்டையே அதனைத் தேடிச் செல்லும். வேட்டைக்காரன் பெட்டையின் குரலைக் காட்டிச் சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறான். அஃதாவது, அதன் வழக்கத்துக்கு மாறானதைக் கேட்கிறான். ஆதலின் சேவல் நூறு முறை ஐயுறும். பாதி வழி வந்து நின்றுவிடும். சுற்றி வந்து பின்புறமாக எட்டிப் பார்க்கும். அன்று நாங்கள் இரண்டரை மணி நேரம் அசையாமல் இருந்தோம். நாற்பது கஜத்துக்குள் அது வந்தால்தான் ரவைத் துப்பாக்கிக்குப் பயன். இறுதியில் அது வந்தது. வாலை விசிறியாக விரித்து, சிறகைத் தரையில் உரசிக்கொண்டு, கதிரவனின் முதற் கிரணத்தில் வந்து நின்றது. மயிலின் நினைவு எனக்கு எழவே இல்லை.

சுட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்று அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. பறவையின் காலில் உரிமச் சீட்டைக் கட்டினார். அதன் இறகுகளைக் கையால் ஒருமுறை தடவிச் சீர்செய்தார்.

மறு ஆண்டு மார்ச்சில் புளோரிடா சென்றோம். ஓசியோலா என்பது ஒரு வீரனின் பெயர். தங்கள் நிலத்தை விட்டுப் பெயர மறுத்துப் போரிட்ட செமினோல் மக்களின் தலைவன் அவன். 1837-இல் வெள்ளைக்கொடியின்கீழ் பேச்சு நடத்த வந்தவனைச் சிறைப்பிடித்தார்கள். 1838 சனவரியில் தென் கரோலினாவின் கோட்டைச் சிறை ஒன்றில் இறந்தான். 1890-இல் ஸ்காட் என்னும் பறவையியல் அறிஞர் அத்தீபகற்பத்துப் பறவைக்கு அவன் பெயரைச் சூட்டினார். சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சதுப்பும், பாமெட்டோ என்னும் குட்டைப் பனைப் புதர்களும் நிறைந்த நிலம் அது. ஓசை எழாமல் நடப்பதே அரிது.

எங்களுக்கு நான்கு நாள்கள் இருந்தன. மூன்று நாள்கள் குரலே கேட்கவில்லை. நான்காம் நாள் காலை ஒரு சேவல் மறுமொழி கூறியது. ஒரு மணி நேரத்துக்குப் பின் புதர்களின் இடையே அதன் வெண்தலை தோன்றியது. அறுபது கஜம் இருக்கும். அவ்வேளையில் என் இமையின்மேல் ஒரு கொசு அமர்ந்தது. கையை உயர்த்தினேன். அவ்வளவுதான். 'பட்' என்று ஒரே ஓர் ஒலி கேட்டது. அபாயத்தை அறிந்த வான்கோழி எழுப்பும் ஒலி அது. மறுகணம் புதர்கள் மட்டுமே இருந்தன.

அவர் ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் வண்டி ஓட்டி வந்தவர். வெளிமாநிலத்தார் உரிமத்துக்குப் பணம் கட்டியவர். அன்று மாலை திரும்பியாக வேண்டும். நான் தலை குனிந்து நின்றேன். வண்டிக்குத் திரும்பும் வரை அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என் முதல் பறவையை நான் பெறுவதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அந்த நான்கு ஆண்டுகளும் ஏதோ ஒரு கொசுதான்." அவர் கோபம் கொண்டிருந்தால் நான் ஆறுதல் பெற்றிருப்பேன்.

அடுத்த மாதமே டெக்சாஸ் செல்ல நேர்ந்தது. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரங்கள் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடந்தன. அந்நிலத்தில் இரவு தங்குவதற்கேற்ற உயர்ந்த மரங்கள் ஆற்றங்கரையில்தான் உண்டு. எனவே ரியோ கிராண்டே வான்கோழிகள் திரளாக ஒரே மரக்கூட்டத்துக்கு நாள்தோறும் மைல் கணக்கில் நடந்து வருகின்றன. அங்கே நண்பர் இரண்டாம் நாளே தம் பறவையைப் பெற்றார். கையைத் தொடையின்கீழ் வைத்து அமர்ந்திருந்தேன் நான்.

அன்றிரவு தங்கிய விடுதியின் முற்றத்தில்தான் என் ஐயத்தை வெளியிட்டேன். "இப்பறவையை நேசிப்பதாகச் சொல்கிறீர்கள். நேசிப்பவர் கொல்லலாமா?"

அவர் நேராக விடை கூறவில்லை. ஒரு பழங்கதை சொன்னார். அதனைப் பொதுவரலாற்றோடு சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஐரோப்பியர் குடியேறிய காலத்தில் அந்நாட்டில் காட்டு வான்கோழிகள் கோடியை எட்டியிருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். காடுகளை அழித்தனர். காலவரையறையும் அளவும் இன்றிச் சுட்டுச் சந்தையில் விற்றனர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1851-ஆம் ஆண்டோடு அது அற்றுப்போயிற்று. 1930-களில் நாடு முழுவதும் எஞ்சியவை சுமார் 2 இலட்சம். சட்டத்துக்கு மாறாகக் கொன்ற விலங்கு பறவைகளை மாநிலம் கடந்து விற்பதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1937-இல் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வந்தது. வேட்டைத் துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் நூற்றுக்கு 11 வீதம் வரி விதித்து, அப்பணத்தைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே மாநிலங்களுக்கு வழங்குவது அச்சட்டம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பணம் வந்தும் பறவை வரவில்லை. முதலில் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டனர். அவை பிழைக்கவில்லை. பருந்து வந்தால் பதுங்குவதற்கும், இருள் வந்தால் மரமேறுவதற்கும் கற்பிக்கத் தாய் இல்லை அல்லவா? காட்டில் வளர்ந்த பறவையையே பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்று உணர்ந்தனர். கண்ணும் செவியும் கூர்மையான அப்பறவையைப் பிடிப்பது எங்ஙனம்? வெடிமருந்தின் விசையால் வலையை வீசியெறியும் கருவி ஒன்று இருந்தது. 1951-இல் தென் கரோலினாவில் அதனைக் கொண்டு வான்கோழிகளைப் பிடித்துக் காட்டினர். தரையில் தானியத்தைத் தூவி, மறைந்திருந்து, கூட்டம் வந்ததும் வலையைப் பாய்ச்சுவர். மிசௌரியில் இவ்வாறு பிடித்து வேறிடங்களில் விடும் பணி 1954-இல் தொடங்கியது. 1960-இல் அங்கு இளவேனில் வேட்டையை மீண்டும் அனுமதிக்கும் அளவுக்குப் பறவைகள் பெருகின. மாசசூசெட்ஸில் 1972, 1973-ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கிலிருந்து கொண்டுவந்து விட்டவை 37 பறவைகளே. இன்று அம்மாநிலத்தில் அவை 30 ஆயிரத்துக்கு மேல். தேசிய காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு 1973-இல் தோன்றியபோது நாட்டில் சுமார் 13 இலட்சம் இருந்தன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை ஏறத்தாழ 70 இலட்சத்தை எட்டியது. இன்று அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் அவை உண்டு.

நண்பரின் கதைக்கு வருவோம். அவர் மாணவராயிருந்த காலம். ஒரு தைமாதக் குளிரில் அட்டைப் பெட்டிகளில் அடைத்த பறவைகளோடு ஒரு வண்டி அவர் ஊருக்கு வந்தது. அவர் தந்தையும் ஊராரும் பெட்டிகளைப் பனிமேல் வரிசையாக வைத்தார்கள். ஒன்றைத் திறக்கும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. "மூடியைத் திறந்தேன். அது என் மார்பில் சிறகால் ஓர் அடி அடித்துவிட்டு மரங்களுக்கு மேலே பறந்து போயிற்று. என் தாத்தா தம் வாழ்நாளில் அந்தக் காட்டில் ஒரு வான்கோழியையும் கண்டதில்லை. அன்று அவர் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஏன் கொல்கிறாய் என்று கேட்டீர்கள். அந்தப் பெட்டிக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை மட்டுமே என்னால் சொல்ல முடியும்" என்று முடித்தார்.

அது முழுமையான விடை என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

2018 மார்ச்சில் அவர் தனியே புளோரிடா சென்று ஓசியோலாவைப் பெற்றுத் திரும்பினார். எஞ்சியது மெரியம் ஒன்றே. மே மாதத் தொடக்கத்தில் தென் டகோட்டாவின் கருங்குன்றுகளுக்குச் சென்றோம். லகோட்டா மக்களுக்கு அவை புனித மலைகள். அடர்ந்த பாண்டரோசா பைன் மரங்களால் தொலைவிலிருந்து காண்போர்க்கு அவை கருமையாகத் தோன்றும். நிழற்பாங்கான இடங்களில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது.

அங்கே ஒரு செய்தியை அறிந்து வியந்தேன். மெரியம் வான்கோழி அக்குன்றுகளுக்கு உரியதே அன்று! 1948-ஆம் ஆண்டு தொடங்கி நியூ மெக்சிகோ, கொலராடோ மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விட்ட சிறு கூட்டங்களின் வழிவந்தவையே அங்குள்ளவை அனைத்தும். கலிபோர்னியாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் இன்று திரியும் ரியோ கிராண்டே பறவைகளும் அவ்வாறே வேறிடத்திலிருந்து சென்றவை. நாங்கள் பறவையைத் தேடிப் பயணம் செய்தோம். எங்களுக்கு முன்னே அப்பறவை பெட்டிக்குள் அமர்ந்து பயணம் செய்திருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகல் ஒரு சேவல் பள்ளத்தாக்கின் மறுபுறத்திலிருந்து மறுமொழி கூறியது. மெல்ல இறங்கி, ஓடையைத் தாண்டி, எங்கள் சரிவில் ஏறி வந்தது. வால் விசிறியின் வெண்ணுனிகள் பைன் மரங்களின் இருளில் பளிச்சென்று தெரிந்தன. இம்முறை நான் கண்ணை மூடவில்லை. மூடுவது நேர்மையன்று என்று தோன்றியது.

பறவையை முகாமுக்குச் சுமந்து வரும் பணியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். எட்டுக் கிலோ இருக்கும். தோளில் கிடந்த அதன் வெப்பம் சட்டையின் வழியே என் முதுகில் உறைத்தது. குன்றின் அடிவாரம் வருவதற்குள் அது தணிந்துவிட்டது. அக்கால் மணி நேரத்தில் நான் கற்றதை எந்த நூலும் எனக்குக் கற்பித்ததில்லை. உயிர் என்பது என்ன விலை உடையது என்பதைக் கடையில் பொட்டலமாக இறைச்சி வாங்கிய நாளெல்லாம் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்றிரவு அதன் இறைச்சியைச் சமைத்தோம். நானும் உண்டேன். காட்டு வான்கோழியின் இறைச்சியை விற்பதற்கு அங்கே இடமில்லை, உண்ணலாம், பகிரலாம்.

நான்கும் முடிந்துவிட்டனவே, மகிழ்ச்சிதானே என்று நண்பரைக் கேட்டேன். "மகிழ்ச்சிதான். ஆனால் கணக்கு நேராகிவிட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன். நான் ஒரு பெட்டியைத் திறந்தேன்; அதற்குப் பின் எத்தனையோ பறவைகளைச் சுட்டிருக்கிறேன். அடுத்த பெட்டியை யாராவது திறக்க வேண்டியிருந்தால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும்" என்றார்.

அவ்வாறு வேண்டியிருக்கலாம் என்பதற்கு அறிகுறிகள் உள்ளன. அண்மை ஆண்டுகளில் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் வான்கோழிகள் குறைந்து வருகின்றன. ஜார்ஜியாவும் அலபாமாவும் 2022-இல் வேட்டைத் தொடக்கத்தைத் தள்ளி வைத்தன. ஒருவர் சுடலாகும் எண்ணிக்கையையும் குறைத்தன. பெட்டைகள் இணைசேர்ந்து முட்டையிடக் காலம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். அந்தக் கட்டுப்பாட்டை வரவேற்றவர்களுள் வேட்டைக்காரர் பலர் இருந்தனர்.

மாணவ நண்பர்களே, நம் நாடு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. 1963-இல் மயிலை நாட்டுப் பறவையாக்கினோம். 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி வேட்டைக்குத் தடை விதித்தோம். அவ்வழி நமக்கு உகந்தது என்றே நான் கருதுகிறேன். அங்குக் கண்டதை இங்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு வினாவை என்னோடு கொண்டு வந்தேன். அப்பறவைக்காகக் குளிரில் பெட்டி சுமந்தவர்களையும் ஆண்டுதோறும் பணம் கட்டுபவர்களையும் நான் அங்கே கண்டேன். எவ்வுயிரையும் கொல்லாத நான், எந்த உயிருக்காக என்ன சுமந்தேன்? தடை என்பது கொல்லாமல் இருப்பதற்குப் போதும். அழிந்த ஒன்றை மீட்பதற்கு அது மட்டும் போதாது.

இனி முடிக்கு முன் ஒரு காட்சி. தாயகம் திரும்புமுன் குவாத்தமாலா நாட்டில் தீக்கால் என்னும் பழைய மாயர் நகரின் இடிபாடுகளைக் காணச் சென்றேன். கற்கோபுரங்களின் இடையே அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன சில பறவைகள். அவை கண்வால் வான்கோழிகள்; நான் இதுவரை சொன்னவற்றின் உள்ளினம் அன்று, தனி இனமே. யுகாத்தான் தீபகற்பத்திலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் மட்டும் வாழ்பவை. நீலத் தலையில் செம்மஞ்சள் மணிகள். உடலெங்கும் பச்சையும் வெண்கலமும். ஒரு சேவல் என் எதிரே வாலை விரித்தது. ஒவ்வோர் இறகின் முனையிலும் பொன்விளிம்பு கட்டிய ஒரு நீலக் கண் இருந்தது. மயில் தோகையில் காண்பது போன்ற கண்!

மயில் ஒன்றையும் அக்காடு கண்டதில்லை. யாரைப் பார்த்து அது ஆடக் கற்றிருக்கும்? நான் இளமையில் வேலிக்கு வெளியே நின்று சிரித்த சிரிப்பை அங்கே நினைத்துக்கொண்டேன். அந்தப் பறவை என்னை ஒருமுறை பார்த்தது. பிறகு தன் போக்கில் மேயத் தொடங்கியது.